கட்டத்துக்குள் போனால் எழுத்து ஏன் மாறுது?



கம்ப்யூட்டரில் வேர்டு என்னும் மென்பொருளில் விண்ணப்பப் படிவம் செய்து வைத்திருப்பார்கள். பெயர், ஊர், வயது எழுத சாம்பல் நிறக் கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்கு வெளியே தமிழ் அழகாக வரும். உள்ளே போய் அடித்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும்! பேய் வேலை ஒன்றும் இல்லை. காரணம் உண்டு.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உண்மையில் தமிழே கிடையாது. ஆச்சரியமா இருக்கா? ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியவைதான். எம் இருக்கும் இடத்தில் பாமினி ‘அ’ என்று படம் வரைந்து காட்டுகிறது. மாறுவேடப் போட்டி மாதிரி. வேர்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக ஒரு எழுத்துரு உண்டு. அது டைம்ஸ் நியூ ரோமனாக இருந்தால் வேடம் கலைந்து எம் வெளியே வந்துவிடும்.

எங்கள் சித்தியின் மகளிர் குழுக் கடன் படிவம் இப்படித்தான் ஆனது. ஒரு கடையில் அடித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் பெயரும் ஆங்கிலக் குப்பையாக அச்சாகி, படிவம் திரும்பி வந்தது. மறுபடி அலைந்ததில் சித்திக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதை யார் தருவார்கள்?

சரி செய்வது எப்படி? முதலில் படிவத்தை நகல் எடுத்துச் சேமிக்கவும். படிவம் பூட்டியிருந்தால் எழுத்துருவை மாற்ற விடாது. டெவலப்பர் பகுதியில் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங் போய், ஸ்டாப் புரொடெக்‌ஷன் கொடுக்கவும். (கடவுச்சொல் கேட்டால் படிவம் செய்தவரிடம்தான் போக வேண்டும்.) பிறகு கட்டத்தையே தேர்ந்தெடுத்து பாமினி வைத்து, மறுபடி பூட்டவும். கட்டத்துக்கு வெளியே எத்தனை தரம் மாற்றினாலும் பயன் இல்லை.

ஆனால் இது ஒட்டுப்போடும் வேலைதான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மறுபடி அதே கதை. யூனிகோடில் ‘அ’வுக்கு 2949 என்று சொந்த எண் உண்டு. வேறு எந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. அதனால் எழுத்துரு மாறினாலும் ‘அ’ எம் ஆகாது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

யூனிகோடிலும் ஒரு சின்னக் குறும்பு இருக்கு. கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் எழுத்துருப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்துக்கு ஒரு இடம், காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இன்னொரு இடம். தமிழ் கேட்பது இரண்டாவதன் பேச்சைத்தான்! அளவுக்கும் அங்கே தனி இடம் உண்டு. லதா அல்லது நிர்மலா வைக்கலாம்.

பாமினியில் அடித்ததற்கு லதாவை வைத்தால் யூனிகோடு ஆகாது. எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, ஒருவர் பெயர்களை வாசிக்க இன்னொருவர் ரேஷன் கார்டைப் பார்த்துச் சரிபார்க்கவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, திருநாவலூர்