எந்த ஜெர்சி என்று அவளிடம் கேளுங்கள்

2018 ஆகஸ்ட் 2. லண்டனில் மகளிர் உலகக் கோப்பை ஹாக்கியின் காலிறுதி. இந்தியாவும் அயர்லாந்தும் மோதின. பெல்ஃபாஸ்டில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் நான் ராணி ராம்பாலின் அணிக்காக உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயது மகள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அறுபது நிமிடமும் கோல் விழவில்லை. ஷூட்-அவுட்டில் அயர்லாந்தின் கோல்கீப்பர் ஆயிஷா மெக்ஃபெரன் நம் பெண்களை ஒருவர் பின் ஒருவராகத் தடுத்தார். 3-1. துள்ளி எழுந்த மகள், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "ஸாரிப்பா" என்றாள்.

அந்த 'ஸாரி'யை நான் அன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் பிறகு நாங்கள் இருவரும் பட்ட பாட்டை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். செம்மண் தரையில் ஆடி வளர்ந்தவன். லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடக்கும் நாள்களில் எங்களுக்குச் சோறு தண்ணீர் நினைவிருக்காது. 2001-இல் மனைவிக்கு பெல்ஃபாஸ்ட் மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்தது. நானும் கூடவே வந்தேன். 2005-இல் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். வட அயர்லாந்தில் அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பிரிட்டன் குடியுரிமையும் உண்டு, அயர்லாந்து குடியுரிமையும் உண்டு. 1998-இன் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இரண்டையும் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே ஹாக்கியில் தீவு முழுவதற்கும் ஒரே அயர்லாந்து அணிதான். பெல்ஃபாஸ்ட் பெண்ணும் டப்ளின் பெண்ணும் ஒரே சட்டையில் ஆடுவார்கள், 'அயர்லாண்ட்ஸ் கால்' என்ற பொதுப்பாட்டைச் சேர்ந்து பாடுவார்கள். ஆனால் அதே பெல்ஃபாஸ்ட் பெண் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து ஒலிம்பிக்கில் கிரேட் பிரிட்டன் அணிக்கும் ஆடலாம். இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.

எனக்கு மூன்றாவதாக ஒரு கதவும் தெரிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் பலரும் அதன் முன்னால்தான் வீணாக நிற்கிறார்கள். மகளிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறது, இந்தியாவுக்கு ஆடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது. அமெரிக்கக் குடியுரிமையோடு பிரகாஷ் அமிர்தராஜ் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியது பலருக்கு நினைவிருக்கும். 2008-இன் இறுதியில், இந்தியக் குடிமக்கள் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்று அரசு சொல்லிவிட்டது. ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. அதை வைத்து இந்தியக் குடியுரிமை கேட்பதென்றால், அட்டை வாங்கி ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இந்தியாவில் வசித்திருக்க வேண்டும், மற்ற குடியுரிமைகளை விட்டுவிட வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணிடம் இரண்டு பாஸ்போர்ட்டையும் விடச் சொல்வது என் ஊர் ஏக்கத்தை அவள் தலையில் கட்டுவது. எனக்கு அது புரிய ஓராண்டு ஆனது. உங்களுக்கு ஒரு நாளில் புரிந்துவிட்டால் நல்லது.

மிச்சம் இருந்தவை இரண்டு. இங்கேதான் நான் தவறு செய்தேன்.

காசைப் பார்த்தால் பிரிட்டன் பக்கம்தான் சாயத் தோன்றும். இங்கிலாந்தின் பிஷம் அபே பயிற்சி மையத்தில் முழுநேரப் பயிற்சி, லாட்டரிப் பணத்தில் வீராங்கனைகளுக்கு உதவித்தொகை, 2016 ரியோவில் மகளிர் அணி வென்ற தங்கம். அயர்லாந்து பக்கம், அந்த 2018 உலகக் கோப்பைக்கு முன்பு வீராங்கனைகள் ஆளுக்கு 550 யூரோ கைக்காசு கட்டி ஆடினார்கள். உலகத் தரவரிசையில் 16-ஆவது இடத்தில் இருந்துகொண்டு அவர்கள் இறுதி வரை போனார்கள், நெதர்லாந்திடம் 0-6 தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். வீரத்தில் குறையில்லை. வசதியில் இருந்தது குறை. நான் வசதியைப் பார்த்தேன்.

மகளுக்குப் பதினாறு வயதானபோது, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வருடம் இவளுக்கு இடம் உறுதி" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி, அயர்லாந்தின் வயதுப்பிரிவுத் தேர்வுக்கு அவளை அனுப்பாமல் விட்டேன். அடுத்த பருவத்தில் அந்தப் பயிற்சியாளர் அங்கே இல்லை. புதியவரின் பட்டியலில் மகளின் பெயரும் இல்லை. கையில் இருந்த இடத்தையும் விட்டாயிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க எந்த அணியும் இல்லாமல், பள்ளி மைதானத்தில் தனியாக டிராக் ஃபிளிக் அடித்துக்கொண்டிருந்தாள். மழையில் காருக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாலைகளை இன்றும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: வாய்ச்சொல்லை நம்பி, கையில் இருக்கும் தேர்வை விடாதீர்கள். இரண்டு பக்கமும் கூப்பிட்டால் இரண்டுக்கும் போகட்டும். முகாமுக்குப் போவதால் யாரும் கட்டுப்பட்டுவிடுவதில்லை. எது கட்டிப்போடும் என்பதைத்தான் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச ஹாக்கி விதிப்படி, ஒரு நாட்டுக்காக ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாற நினைத்தால், கடைசியாக ஆடிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். எந்தப் போட்டி, எந்த வயதுப் பிரிவு இந்தக் கணக்கில் வரும் என்பதை அந்தந்த நாட்டு ஹாக்கிச் சங்கத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். மைதான ஓரத்தில் நின்று பேசும் மற்ற பெற்றோர் சொல்வதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே ஆளுக்கொரு விதி சொன்னார்கள், பாதி தவறு.

மூன்று ஆண்டு என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. கோன்சாலோ பெய்லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அர்ஜென்டினாவுக்காக 11 கோல் அடித்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 2018-க்குப் பிறகு ஒதுங்கியிருந்து, 2022-இல் ஜெர்மனிக்காக இறங்கினார், 2023-இல் புவனேஸ்வரில் அந்த அணியோடு உலகக் கோப்பையும் வென்றார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு தங்கம் இருந்தது, உலகின் மிகச் சிறந்த பெனால்டி கார்னர் அடியும் இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரேயொரு போட்டி ஆடிவிட்டு மூன்று ஆண்டு வெளியே நிற்கும் பெண்ணுக்கு, அந்த மூன்று ஆண்டுதான் அவள் வளர வேண்டிய காலம்.

பெரிய அணிக்குப் போனால் பெரிய மேடை கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள், இந்த ஊர் ஆண்களின் கதையையும் பார்க்க வேண்டும். இயன் லூவர்ஸ், மார்க் கிளெகோர்ன், டேவிட் ஏம்ஸ் மூவரும் வட அயர்லாந்தில் வளர்ந்து, அயர்லாந்துக்கு ஆடி, பிறகு இங்கிலாந்துக்கும் கிரேட் பிரிட்டனுக்கும் மாறியவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அயர்லாந்து ஆண்கள் ஒலிம்பிக் ஹாக்கியைக் கடைசியாகப் பார்த்தது 1908-இல். 2012 லண்டனுக்கான தகுதிச் சுற்றில்கூட, டப்ளினில் தென்கொரியாவிடம் கடைசி நொடிகளில் விழுந்த கோலால் வாய்ப்பை இழந்தார்கள். ஒலிம்பிக் ஆசை உள்ளவன் என்ன செய்வான்? ஆனால் 2016-இல் அயர்லாந்தும் ரியோவுக்கு வந்துவிட்டது. மாறிப் போனவர்கள் பிரிட்டன் சட்டையில், கூட வளர்ந்தவர்கள் பச்சைச் சட்டையில், ஒரே ஒலிம்பிக்கில். இரண்டு அணியும் காலிறுதியைத் தொடவில்லை. எந்த அணி எப்போது எழும் என்று பதினாறு வயதில் யாரும் கணிக்க முடியாது. அதை வைத்து முடிவெடுப்பது வீண்.

கணிக்க முடிந்தவை வேறு. அவள் ஆடும் இடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது? கோல்கீப்பர் என்றால் இந்தக் கேள்வி இரண்டு மடங்கு முக்கியம், ஒருவர் நிலைத்துவிட்டால் பல ஆண்டு நகர மாட்டார். பயிற்சிக்கு எவ்வளவு தூரம்? எங்களுக்கு டப்ளின் காரில் இரண்டு மணி நேரம், பரீட்சைக் காலத்திலும் போய் வரலாம். அந்தப் பக்கம் போவதென்றால் விமானம் ஏற வேண்டும், பல்கலைக்கழகமும் அங்கேயே பார்க்க வேண்டும். அடிபட்டுப் படுத்தால் யார் பார்த்துக்கொள்வார்கள், யார் செலவு செய்வார்கள்? இவற்றைக் கேட்டால் எந்தத் தேர்வாளரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்பவர் இருந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

பாஸ்போர்ட் வேலை முழுக்கப் பெற்றோருடையது. இரண்டையும் காலாவதியாகாமல் வைத்திருங்கள். முகாமுக்கு அழைப்பு வந்த வாரத்தில் புதுப்பிக்க ஓடாதீர்கள்.

ஜெர்சி மட்டும் அவளுடையது. பதினேழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டப்ளினிலிருந்து திரும்பும் வழியில், முதல்முறையாக நேரடியாகக் கேட்டேன்: "உனக்கு எதும்மா வேணும்?" சிறிது நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த இந்தியா மேட்ச் பாத்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல" என்றாள். ஐந்து ஆண்டு அந்தப் பதிலை அவள் உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நான் முகாம் முகாமாகக் கூட்டிக்கொண்டு அலைந்த நாள்களிலும் அது அவளிடம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. அயர்லாந்தின் இளையோர் பயிற்சிக் குழுவில் இருக்கிறாள். சீனியர் அணிக்கு இன்னும் ஒரு போட்டிகூட ஆடவில்லை, ஆடுவாள் என்று யாரும் எங்களுக்கு உறுதி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இரண்டு பாஸ்போர்ட்டோடு ஒரு பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதென்றால், சங்கத்துக்கான மின்னஞ்சலை இந்த வாரம் அனுப்புங்கள். அதற்கு முன்னால், இன்று இரவே அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். அது பதில் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.