இரத்த அழுத்தம் எப்படி ஏறுகிறது, இறங்குகிறது?

மோட்டார் ஓடுகிறது. ரப்பர் குழாய் வழியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்கிறது. குழாயின் வாயை விரலால் கொஞ்சம் அடைத்துப் பாருங்கள். குழாய்க்குள் அழுத்தம் கூடும். தண்ணீர் சீறிப் பாயும்.

உடம்பில் இதயம்தான் மோட்டார். அது நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த இரத்தம் குழாய்களின் சுவரை அழுத்துகிறது. இதுவே இரத்த அழுத்தம். 'எனக்கு பி.பி. இருக்கிறது' என்று சிலர் சொல்கிறார்கள். பி.பி. எல்லோருக்கும் உண்டு. இல்லாவிட்டால் மூளைக்கு இரத்தம் ஏறாது. அளவு கூடினால்தான் நோய்.

இதயம் வேகமாகத் தள்ளினால் அழுத்தம் கூடும். சிறு குழாய்கள் சுருங்கினாலும் கூடும். குழாய்க்குள் நீர் மிகுந்தாலும் கூடும்.

வெகுநேரம் உட்கார்ந்து களை எடுத்தவர் சட்டென்று எழுந்தால் சில சமயம் கண் இருட்டும். ஏன்? இரத்தம் கால் பக்கம் இறங்கிவிடுகிறது. அழுத்தம் குறைகிறது. கழுத்தின் இரு பக்கமும் பெரிய இரத்தக் குழாய்கள் உள்ளன. அவற்றின் சுவரில் உள்ள நரம்புகள் இதை உடனே மூளைக்குத் தெரிவிக்கின்றன. மூளை இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. குழாய்களைச் சுருங்க வைக்கிறது. சில நொடிகளில் கண் தெளிகிறது. நாம் ஒன்றுமே செய்யவில்லை!

நாள்கணக்கில் அழுத்தத்தைக் காப்பது சிறுநீரகம். மிகுந்த உப்பையும் நீரையும் அது சிறுநீராக வெளியேற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று தினமும் உப்பைக் கூட்டினால் அதற்கு வேலை அதிகம். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். அழுத்தம் ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருப்பது நல்லது. அது ஒரு தேக்கரண்டியை விடச் சற்றுக் குறைவு.

அழுத்தத்தை இரண்டு எண்களாக எழுதுவார்கள். மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ளது. கீழ் எண் அது தளரும்போது உள்ளது. 120/80 நல்ல அளவு. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவம் வேண்டும்.

அழுத்தம் பல மாதம் கூடியே இருந்தால் கழுத்து நரம்புகளுக்கும் அது பழகிப்போகும். கூடிய அளவையே சரி என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இராது, தலைசுற்றல் இராது. உள்ளே குழாய்கள் கெட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் பக்கவாதம் வரும், அல்லது மாரடைப்பு வரும். 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

கையில் பட்டை கட்டிப் பார்த்தால்தான் அளவு தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். நடந்து போன வேகத்தில் கையை நீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.