இக்கேம் திராட்சைப் பண்ணையும் பழம் பறிக்கும் முறையும்

திராட்சைப் பழத்தில் பூசணம் பற்றினால் பயிரிடுவோர் அதனை நஷ்டமென்றே எண்ணுவர். ஆயினும் அப்பூசணத்தைக் கொண்டே உயர்ந்த இனிப்பு வெள்ளை ஒயினைச் செய்யும் புராதனப் பண்ணையொன்று பிரான்ஸ் தேசத்தில் இருக்கின்றது. 1954-ம் வருஷம் வரை பிரஞ்சு ஆளுகையில் இருந்த புதுச்சேரியிலும், அதனைச் சேர்ந்த சாரம் முதலிய இடங்களிலும் உள்ள நிலச்சுவான்தார்களுக்கு அதன் வரலாறு பயன்படத்தக்கது.

போர்தோ நகருக்குத் தெற்கே சோத்தேர்ன் என்னுமிடத்தில் உள்ள இக்கேம் பண்ணை 1593-ம் வருஷத்தில் சோவாஜ் குடும்பத்தார் வசமாயிற்று. அக்குடும்பத்துப் பெண்ணாகிய பிரான்சுவாஸ் ஜோசபின் 1785-ல் லூர்-சாலூஸ் வமிசத்தவரை மணந்து, 1788-ல் விதவையானார். பின்னர் நெடுங்காலம் தாமே பண்ணையை நடத்தி, 1826-ல் ஒயின் வைக்கும் கிடங்கையும் கட்டுவித்தார். 1855-ம் வருஷத் தரவரிசையில் அப்பிரதேசத்து வெள்ளை ஒயின்களுள் இப்பண்ணையின் சரக்கு ஒன்றே தனி உயர்தரமாக வைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பண்ணை எல்.வி.எம்.எச். கம்பெனியின் வசமாயிற்று.

இங்கு சுமார் 250 ஏக்கரில் செமியோன், சோவின்யோன் என்னும் இருவகைக் கொடிகள் பலன் தருகின்றன. அடிமண் களியாதலால் நீர் தேங்காதிருக்கும் பொருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூமிக்குள் வடிகால் குழாய்கள் பதிக்கப்பட்டன. சிரோன் ஓடையின் குளிர்ந்த நீர் கரோன் நதியிற் கலப்பதால் இலையுதிர் காலத்துக் காலைகளில் மூடுபனி உண்டாகும். பிற்பகலில் வெயில் காயும். பனியால் பூசணம் வளர்ந்து பழத்தோலைத் துளைக்கும்; வெயிலால் நீர் வற்றிச் சர்க்கரை செறியும். மழை விடாது பெய்தாலோ அதே பூசணம் பழத்தை அழுகச் செய்துவிடும்.

எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்நிலையை அடைவதில்லை. ஆகையால் ஆட்கள் ஒரே தோட்டத்தைப் பலமுறை சுற்றிவந்து, தக்க பதமடைந்தவற்றை மட்டும் பறிப்பர். ஒரு கொடிக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை ஒயினே கிடைக்கும். சரக்கு தரத்திற் குறைந்த வருஷத்தில் பண்ணையின் பெயரால் ஒயின் விற்பதே இல்லை. 1972, 1974, 1992, 2012 ஆகிய வருஷங்கள் அத்தகையன. ஒரு வருஷத்து வரும்படியை இழந்தேனும் பெயரைக் காப்பதே அங்குள்ள கொள்கை.

நம் நாட்டில் தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சையை 1832-ல் பிரஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்தார் என்பர். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெரும்பாலும் உண்ணும் பழமாக விற்கப்படுவது. ஆதலால் பூசணம் பற்றிய குலையை நன்மையென்று விட்டுவைத்தல் கூடாது. இக்கேமிடத்துக் கற்கவேண்டுவது வேறு. பழுத்த குலையை மட்டும் பறிக்க. கூடையின் மேலே நல்லதையும் அடியிலே கழிவையும் வைத்து விற்றல் ஒழிக. நீர் தேங்காமல் வடிகாலைச் சீர்செய்க. பொது வடிகால்கள் அடைபடாதபடி கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிப்பார்களாக. ஒருவர் கூடையிற் கலந்த கழிவு ஊரார் அனைவரின் பெயரையும் கெடுக்கும். குறியீடு பெயரைத் தரும். அப்பெயரை நிலைநிறுத்துவது பயிரிடுவோர் கையிலேயே உள்ளது.