புயல் மறந்த கரை: ஹரிகேன் காலத்து முன்னேற்பாடு பற்றிய ஒரு பாடம்

வெப்ப மண்டலக் கடல்களில் எழும் பெருஞ்சுழற்காற்று இடத்துக்கு இடம் வேறு பெயர் பெறுகிறது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தோன்றுவதை நாம் புயல் என்கிறோம். சீன, ஜப்பானியக் கரைகளில் அது டைபூன் எனப்படும். அட்லாண்டிக் சமுத்திரத்திலும், பசிபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியிலும் அதற்கு ஹரிகேன் என்று பெயர். பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்றே.

ஆண்டுதோறும் புயலைக் காணும் கரைகளில் மக்கள் ஒருவாறு பழகியிருப்பர். வானத்தின் நிறமும் கடலின் ஓசையும் அவர்களுக்கு ஓரளவு செய்தி சொல்லும். ஆனால், ஒரு தலைமுறைக்கோ இரண்டு தலைமுறைக்கோ ஒருமுறை மட்டும் புயல் வந்து செல்லும் கரைகளும் உண்டு. இத்தகைய இடங்களிலும் பேரிழப்பு நேரக்கூடும். இவ்வுண்மையை விளக்க, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

ஹரிகேனின் இயல்பு

நீராவி நிறைந்த காற்று, வெதுவெதுப்பான கடற்பரப்பின்மீது மேலெழுந்து குளிர்கிறது. நீராவி மழைத்துளியாகும்போது மறைவெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பமே சுழலுக்கு ஆற்றல் தருகிறது. நடுவில் அழுத்தம் குறையக் குறைய, சுற்றிலுமுள்ள காற்று உள்நோக்கி விரைகிறது. பூமியின் சுழற்சியால் அது நேராகச் செல்லாது வளைந்து சுழல்கிறது. வடகோளார்த்தத்தில் இச்சுழற்சி கடிகார முட்களுக்கு எதிர்த்திசையில் அமையும்.

நிலைத்து வீசும் காற்று மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால் ஹரிகேன் என்றும், 178 கிலோமீட்டரை எட்டினால் பெரும் ஹரிகேன் என்றும் கொள்வர். காற்றின் தாக்கும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆதலால், “சென்ற புயலைத் தாங்கிய கூரை இதையும் தாங்கும்” என்று எண்ணுவது தவறு.

1938ஆம் ஆண்டின் ஹரிகேன்

1938ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் காலையில், ஹாட்டெராஸ் முனைக்கு அப்பால் கடலில் ஒரு பெரும் ஹரிகேன் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அங்கிருந்து சுமார் 650 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாங் தீவை அது அன்று பிற்பகல் மூன்று மணியளவில் அடைந்தது. மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் என்னும் வேகத்தில் அது நகர்ந்தது. வங்கக் கடற்புயல்கள் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வரையே நகர்வன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இவ்வேகத்தின் கொடுமை விளங்கும். இரவும் பகலுமாகக் கிடைத்திருக்க வேண்டிய அவகாசம் சில மணி நேரமாகச் சுருங்கிற்று.

வாஷிங்டன் நகரிலிருந்த வானிலை அலுவலகத்தில் சார்லஸ் பியர்ஸ் என்னும் இளநிலை முன்னறிவிப்பாளர், இப்புயல் கடலுக்குள் திரும்பாது நேரே வடக்கே செல்லும் என்று கருதினார். மூத்தவர்கள் அதை ஏற்கவில்லை. அப்பகுதிப் புயல்கள் வழக்கமாகக் கிழக்கே திரும்பிக் கடலிலேயே அழிவன. இதுவும் அவ்வாறே செல்லும் என்பது அவர்கள் முடிவு. அன்று நியூ இங்கிலாந்துக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பில் ஹரிகேன் என்ற சொல்லே இடம்பெறவில்லை.

விளைவு கடுமையாயிற்று. சுமார் 600 பேர் மாண்டனர். ஏறக்குறைய 8,900 கட்டடங்கள் அழிந்தன. பாஸ்டனுக்கு அருகிலுள்ள புளூ ஹில் வானிலை நிலையத்தில் நிலைத்த காற்று மணிக்குச் சுமார் 195 கிலோமீட்டராகவும், இடைவீச்சு சுமார் 299 கிலோமீட்டராகவும் பதிவாயின. ரோடு ஐலண்டு மாநிலத்தில் நாபட்ரீ முனை என்னும் மணல்திட்டின்மேல் இருந்த வீடுகள் அனைத்தையும் கடல் கொண்டுபோயிற்று. அத்திட்டில் பின்னர் எவரும் வீடு கட்டவில்லை. அதற்கு முந்திய நாட்களில் பெய்த கனமழையால் மண் இளகியிருந்தமையால், உள்நாட்டிலும் இலை உதிராத மரங்கள் வேரோடு சாய்ந்து, சாலைகளையும் கம்பிகளையும் மறித்தன.

லாங் தீவில் ஒருவர், தபாலில் வரவழைத்த புதிய பாரமானியின் முள் “ஹரிகேன்” என்ற குறியில் நிற்பதைக் கண்டு, கருவி பழுதென்று எண்ணித் திருப்பியனுப்பச் சென்றாராம். மீண்டு வந்தபோது வீடு இல்லையாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கருவி காட்டுவதையும் நம்ப மறுக்கும் மனநிலையை அது நன்கு உணர்த்துகிறது.

நீர் ஏன் உயர்ந்தது?

ரோடு ஐலண்டின் தலைநகரான பிராவிடன்ஸ், நாரகான்செட் விரிகுடாவின் வடகோடியில் இருக்கிறது. அன்று மாலை அந்நகரின் கடைவீதிகளில் நீர் புகுந்து, வழக்கமான உயர் ஓத மட்டத்துக்குமேல் நான்கு மீட்டருக்கும் அதிகமாக ஏறிற்று. இதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, அழுத்தக் குறைவு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். லாங் தீவில் அன்று பதிவான குறைந்த அழுத்தம் சுமார் 946 மில்லிபார். வழக்கமான அழுத்தம் 1013 மில்லிபார். வேறுபாடு 67. ஆகவே, அழுத்தக் குறைவினால் மட்டும் கடல் முக்கால் மீட்டர்கூட உயர்ந்திராது.

இரண்டாவது, காற்றின் உந்துதல். புயல் நகரும் திசைக்கு வலப்புறத்தில், சுழலின் வேகத்தோடு நகர்ச்சி வேகமும் சேரும், இடப்புறத்தில் கழியும். சுழல்வேகம் 130 எனவும் நகர்ச்சி வேகம் 75 எனவும் வைத்துக்கொண்டால், வலப்புறத்தில் 205, இடப்புறத்தில் 55 ஆகும். இயற்கையில் இக்கணக்கு இத்துணை எளிதன்று. எனினும் மாணவர்க்குக் கருத்தை விளக்க இது போதும். பிராவிடன்ஸ் வலப்புறத்தில் அகப்பட்டது.

மூன்றாவது, கரையின் வடிவம். தெற்கே வாய் திறந்து வடக்கே குறுகும் விரிகுடாவில் தென்காற்று தள்ளிய நீர், பரவ இடமின்றி மேலே ஏறிற்று. புனலில் ஊற்றிய நீரைப் போன்றது இது. வங்கக் கடலின் வடகோடியும் இத்தகைய வடிவமே கொண்டுள்ளது.

நான்காவது, கடல் ஓதம். ஓதம் இயல்பாகவே உயர்ந்திருந்த நேரத்தில் புயல் வந்து சேர்ந்தது.

ஆயத்தமின்மைக்கு அடிப்படை

நியூ இங்கிலாந்து ஏழைப் பிரதேசமன்று. கல்வியிற் பின்தங்கியதும் அன்று. தந்தி, தொலைபேசி, வானொலி ஆகிய எல்லாம் இருந்தன. பின் ஏன் ஆயத்தமின்மை?

1815ஆம் ஆண்டு செப்டம்பரிலும் ஒரு பெரும்புயல் பிராவிடன்ஸ் நகரை மூழ்கடித்திருந்தது. அப்போது நீர் எட்டிய உயரம் பழைய சந்தை மாளிகையின் சுவரில் குறிக்கப்பட்டிருந்தது. அச்சுவரைக் கடந்து நாள்தோறும் மக்கள் நடந்தனர். 123 ஆண்டுகளுக்குப் பின் வந்த நீர், அக்குறிக்கும் மேலே சென்றது. இப்போது அச்சுவரில் இரண்டு குறிகள் உள்ளன.

குறி இருந்தது, ஆனால் “இவ்வளவு நீர் இங்கு மீண்டும் வரும், வந்தால் நீ எங்கே செல்வாய்?” என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. அரிய ஆபத்தின் நினைவு தானாக நிலைப்பதில்லை. கண்டவர் மறைந்ததும் நினைவும் மறைகிறது. கற்பித்தால் மட்டுமே அது தலைமுறை கடந்து செல்லும். இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

பின்னர் நிகழ்ந்தவை

1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கரோல் என்னும் ஹரிகேன் வந்தது. பிராவிடன்ஸின் நடுப்பகுதி மீண்டும் சுமார் 12 அடி நீரில் ஆழ்ந்தது. பதினாறே ஆண்டுகளில் இருமுறை அடிபட்ட பின்னரே நிலையான காப்பு தேடப்பட்டது. 1960 முதல் 1966 வரை ஃபாக்ஸ் பாயிண்ட் என்னுமிடத்தில் சுமார் 3,000 அடி நீளமும் 25 அடி உயரமும் உள்ள தடுப்பணை கட்டப்பட்டது. ஆற்றின் குறுக்கே மூன்று பெருங்கதவுகள் உள்ளன. கதவுகளை மூடினால் ஆற்றுநீர் உள்ளே தேங்குமாதலால், அதை வெளியேற்றப் பெரிய நீரேற்றும் பொறிகளும் வைக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டின் பாப் ஹரிகேனின்போதும், 2012ஆம் ஆண்டின் சாண்டி புயலின்போதும் இக்கதவுகள் மூடப்பட்டு நகர் காக்கப்பட்டது.

எனினும், அணை காப்பது நகரின் நடுப்பகுதியை மட்டுமே. அதற்கு வெளியேயுள்ள தாழ்ந்த கரையோரத்தார்க்கு முன்னெச்சரிக்கையும் இடம்பெயர்தலுமே காப்பு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹென்றி என்னும் புயல் நெருங்கியபோது, நியூ இங்கிலாந்தில் நேராகக் கரையேறிய ஹரிகேன் ஒன்றைக் கண்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹரிகேன் எச்சரிக்கை முன்கூட்டியே விடுக்கப்பட்டது, படகுகள் கரையேற்றப்பட்டன. புயல் வலுக்குன்றி, ஹரிகேன் நிலைக்குக் கீழாகவே ஆகஸ்டு 22ஆம் நாள் கரையை அடைந்தது. இவ்வாறு புயல் தணிந்து வருவது நன்மையே. ஆனால் “சொன்னது நடக்கவில்லை” என்ற அலட்சியத்துக்கு அது இடம் தருதல் கூடாது.

நம் நாட்டிலும் இப்பாடத்துக்குச் சான்று உண்டு. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் அதே மாநிலத்தில் ஃபைலின் புயல் கரையேறுமுன் சுமார் பத்து லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழந்தோர் ஐம்பதுக்கும் குறைவானவரே. முந்தியது வலிமை மிக்க புயல் என்பது மெய். ஆயினும் வேறுபாடு முழுவதையும் புயலின் வலிமை விளக்கிவிடாது. புகலிடங்களும் பயிற்சியும் உரிய காலத்தில் இடம்பெயர்தலுமே பெருங்காரணங்கள்.

குடிமக்கள் செய்யத்தக்கவை

இந்திய வானிலை ஆய்வுத் துறை, புயலைப் பற்றிய முதற் குறிப்பை 72 மணி நேரம் முன்னதாகவும், விழிப்பு அறிவிப்பை 48 மணி நேரம் முன்னதாகவும், எச்சரிக்கையை 24 மணி நேரம் முன்னதாகவும் விடுக்கும் முறையை வகுத்துள்ளது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வேலையை ஒதுக்கிக்கொண்டால் கடைசி நேரக் குழப்பம் நேராது.

மூன்று நாள் முன்பு: தம் வீடு கடல்மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் உள்ளது, புகலிடம் எது, செல்லும் வழி எது என்பவற்றை உறுதிசெய்தல். முதியோர், நோயாளர், கருவுற்றோர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தல்.

இரண்டு நாள் முன்பு: குடிநீர், உலர்ந்த உணவு, மருந்து, கைவிளக்கு ஆகியவற்றைச் சேகரித்தல். பத்திரங்களை நீர்புகாத உறையில் இடுதல். படகுகளையும் வலைகளையும் மேட்டுக்குக் கொண்டுசெல்லுதல்.

ஒரு நாள் முன்பு: தாழ்ந்த நிலத்திலுள்ளோர் வெளியேறுதல். பகலொளியில், சாலை திறந்திருக்கும்போதே செல்ல வேண்டும். கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேட்டுநிலத்துக்கு ஓட்ட வேண்டும்.

காற்று வலுத்த பின்: வெளியே செல்லாதிருத்தல். காற்று திடீரென்று ஓய்ந்தால், அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அறிவிப்பு வரும்வரை புகலிடத்தைவிட்டு நீங்கலாகாது.

இவற்றையெல்லாம் ஒரு வாசகத்தில் அடக்கலாம்: நீருக்கு விலகு, காற்றுக்கு ஒதுங்கு. உறுதியான வீடு காற்றைத் தாங்கலாம். ஆனால் ஒரு கனமீட்டர் நீர் ஆயிரம் கிலோகிராம் எடையுள்ளது. அது அலையாக வந்து மோதும்போது சாதாரணச் சுவர் நில்லாது.

ஆசிரியரும் களப்பணியாளரும்

களப்பணியாளர் தம் வட்டாரத்தில் முன்பு நீர் எட்டிய உயரத்தை முதியோரிடம் கேட்டறிந்து, பள்ளிச் சுவரிலும் பொதுக்கட்டடத்திலும் ஆண்டுடன் குறித்து வைக்க வேண்டும். ஆனால், குறி மட்டும் போதாது என்பதைப் பிராவிடன்ஸ் காட்டிற்று. ஆண்டுக்கொருமுறை, புயல் பருவம் தொடங்குமுன், ஆசிரியர் மாணவரை அக்குறியின் கீழ் நிறுத்தி அதன் பொருளை விளக்கி, புகலிடம்வரை நடத்திச் சென்று, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடச் செய்ய வேண்டும். பிள்ளைகள் அறிந்த வழி வீட்டாரும் அறிந்த வழியாகும்.

எச்சரிக்கை கூறும்போது, “காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர்” என்று சொல்வதோடு நில்லாமல், “நீர் இந்தக் கோயில் படிவரை வரலாம், ஆகவே இன்று மாலைக்குள் புறப்படுங்கள்” என்று இடமும் காலமும் சுட்டிச் சொல்ல வேண்டும். அங்ஙனம் சொல்லப்பட்ட எச்சரிக்கையே செயலாக மாறும்.

பயிற்சி வினாக்கள்

1. 650 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் கரைசேர எவ்வளவு நேரமாகும்? 75 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால்?

2. காற்றழுத்தம் 1013 மில்லிபாரிலிருந்து 963 மில்லிபாராகக் குறைந்தால், அதனால் மட்டும் கடல்மட்டம் ஏறக்குறைய எவ்வளவு உயரும்?

3. காற்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 180 கிலோமீட்டராக உயர்ந்தால், சுவரைத் தாக்கும் விசை எத்தனை மடங்காகும்?

4. உங்கள் ஊரின் படம் வரைந்து, மிகத் தாழ்ந்த இடம், மிக உயர்ந்த இடம், உறுதியான கட்டடம், அங்குச் செல்லும் வழிகள் ஆகியவற்றைக் குறிக்கவும். ஒரு வழி நீரால் அடைபட்டால் மாற்று வழி எது?

5. உங்கள் ஊரில் கடைசியாகப் பெருவெள்ளம் அல்லது புயல் வந்த ஆண்டு எது? அதைக் கண்டவர் எத்தனை பேர் இப்போது ஊரில் உள்ளனர்?