எந்தக் கொழுப்பு எங்கே சேர்கிறது?

உடற்பருமனுக்காகச் சிகிச்சை பெற வருபவர்களில் பலர், "எண்ணெயையே நிறுத்திவிட்டேன், டாக்டர்" என்று கூறுவதுண்டு. ஆயினும் அவர்களுள் சிலருக்கு டிரைகிளிசரைடு அளவு குறைவதில்லை. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பும் அப்படியே இருக்கிறது. இதன் காரணத்தை அறிய, உண்ணும் கொழுப்பு உடலுக்குள் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும்.

எல்லா எண்ணெய்களும் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும், பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் உள்ளன. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. எஞ்சியவை நிறைவுறா வகையைச் சார்ந்தவை. ஆற்றலில் மட்டும் வேறுபாடு இல்லை: எந்த எண்ணெயாயினும் 1 கிராமுக்கு 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டியது என்பதற்காக அது குறைந்துவிடாது.

தோலுக்கடியிலுள்ள கொழுப்புச் செல்கள், மிகுதியான ஆற்றலைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்கள். அவற்றின் கொள்ளளவுக்கு மேல் உணவு மிகும்போது, கொழுப்பு அமிலங்கள் கல்லீரலிலும் தசைகளிலும் படியத் தொடங்குகின்றன. அதன்பின் அவ்வுறுப்புகள் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. நீரிழிவுக்கு வழி திறப்பது இங்கேதான். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்நிலை தோன்றுவதால், உடல் நிறைக் குறியீட்டெண் 25-ஐ எட்டினாலே உடற்பருமன் எனக் கொள்கிறோம்.

இவ்வாறு கல்லீரலில் படிவதில், கொழுப்பின் அளவு மட்டுமன்றி அதன் வகையும் பங்கு வகிக்கிறது. 2018-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எடை மிகுந்த 38 பேர் மூன்று வாரங்கள் நாள்தோறும் 1000 கலோரி கூடுதலாக உண்டனர். வெண்ணெய், பாலாடைக்கட்டி, தேங்காய் எண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ட குழுவில் கல்லீரல் கொழுப்பு 55 விழுக்காடு உயர்ந்தது. ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் முதலியவற்றை உண்டோருக்கு உயர்வு 15 விழுக்காடு மட்டுமே. பழச்சாறு, இனிப்புப் பானம், மிட்டாய் ஆகியவற்றை உட்கொண்டவர்களுக்கோ 33 விழுக்காடு.

சிறிய ஆய்வுதான், காலமும் குறுகியது. எனினும் அந்த மூன்றாவது குழுவைக் கவனியுங்கள். மிகுதியான சர்க்கரையிலிருந்து கல்லீரல் தானே கொழுப்பு அமிலத்தை உற்பத்தி செய்கிறது. அவ்வாறு உருவாவதில் முதன்மையானது பால்மிடிக் அமிலம் என்னும் நிறைவுற்ற வகை. பாமாயிலில் மிகுந்திருப்பதும் அதுவே. ஆகவே, எண்ணெயைத் துறந்துவிட்டு இரு மடங்கு சோறும், நாளுக்கு நான்கு முறை சர்க்கரையிட்ட காப்பியும் கொள்பவரின் கல்லீரல், அவர் தவிர்த்த கொழுப்பைத் தானே செய்துகொள்கிறது. தொடக்கத்தில் கூறிய பரிசோதனை முடிவுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவானால், ஒருவர் பங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கிராம். அதாவது 340 கலோரி. அதையே 2 லிட்டராகக் குறைத்தால் சுமார் 135 கலோரி. குறைப்பதற்கு எளிய வழி, பொரிப்பதை விடுத்துத் தாளிப்பதோடு நிறுத்திக்கொள்வது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வனஸ்பதியும், பலமுறை காய்ச்சிய எண்ணெயும் வேண்டா. 2022 முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி; ஆனால் பஜ்ஜிக் கடை வாணலியில் நாள் முழுதும் கொதிக்கும் எண்ணெயை எவரும் அளந்து பார்ப்பதில்லை.

மீன் உண்பவர்கள் வாரம் இருமுறை மத்தியையோ கானாங்கெளுத்தியையோ குழம்பாக வைத்து உண்ணலாம். விலை மிகுந்த வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை.

டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவர்களுக்கு மேற்கூறிய அளவுகள் பொருந்தா. கணைய அழற்சி நேரும் அபாயம் இருப்பதால், அவர்கள் எல்லா வகைக் கொழுப்பையும், சர்க்கரையையும், மதுவையும் கட்டுப்படுத்த வேண்டும். கடும் வயிற்றுவலி முதுகுக்குப் பரவினால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மற்றவர்கள் அடுத்த முறை உணவியல் நிபுணரைக் காண வரும்போது, கடந்த மாத மளிகைப் பட்டியலையும் எடுத்து வாருங்கள். எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை என்பது தெரிந்தால் போதும். அதிலிருந்தே உங்கள் உணவுத் திட்டத்தைத் தொடங்கலாம்.