கத்துது, ஆனா இழுக்கல: பழைய மகிழுந்தின் தானியங்கிக் கியர்ப் பெட்டி

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல். கியர்ப் பெட்டியை நான் படித்ததெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். ஆனால் சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டு வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்க உதவியது அப்பாவின் வாய்மொழித் தமிழ். அதனால்தான் இக்கட்டுரையைத் துணிந்து எழுதுகிறேன். (வீட்டில் நாங்கள் 'காடி' என்போம். ஆண்டிதழின் மரியாதைக்காக 'மகிழுந்து' என்று எழுதுகிறேன்.)

எங்களுடையது 1998ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா, 1.6, நான்கு கியர் தானியங்கி. கோலகங்சாரிலிருந்து ஈப்போவிற்கு அப்பா வேலைக்குப் போவது இதில்தான். ஒரு பட்டறையில் காட்டினார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு. ஹாஃப்-கட் பெட்டி போடணும், 1,800 ரிங்கிட்" என்று சொல்லிவிட்டார்கள். தொழிற்பயிற்சிக் காலத்தில் என் அறை வாடகைக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்ததும் ஏறக்குறைய அதே தொகைதான்.

"என்னதான்பா செய்யுது?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"கத்துது ஐயா, ஆனா இழுக்கல."

"எப்ப? காலையில எடுக்கும்போதா?"

"காலையில நல்லாத்தான் ஓடுது. மெனோரா ஏத்தத்துலதான். ஓரமா நிப்பாட்டி, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா சரியாயிடுது."

இந்த மூன்று வரிகளில் பாதி விடை இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

தானியங்கி வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையில் நாம் மிதிக்கும் கிளட்ச் இல்லை. டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டையான பாகத்துக்குள் சுழலும் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. பெட்டிக்குள் கியர் மாறும்போது கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதே எண்ணெயின் அழுத்தம்தான். வெப்பத்தைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்குவதும் அதுவே. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், நுரை தட்டும். நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது. தட்டுகள் வழுக்கும், எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறும். அப்பாவின் காதில் விழுந்த 'கத்தல்' அதுதான். சூட்டில் எண்ணெய் மேலும் இளகி, பழைய சீல்களின் வழியே அழுத்தம் கசியும். ஏற்றத்தில் சுமையும் கூடும். நிறுத்தி வைத்தால் நுரை அடங்கும், சூடு தணியும், வண்டி மறுபடி ஓடும். தட்டுகள் முழுதாகத் தேய்ந்துபோன பெட்டி இப்படிக் காலையில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது அரிது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்க் கோலை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நிறுத்தி எடுக்க வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போதே அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி வழிவந்த எங்கள் வீராவுக்குக் கோல் 'என்'னில் இருக்க வேண்டும், தொயோத்தாவுக்கு 'பி'யில். ஹோண்டாவிலோ எஞ்சினை அணைத்தவுடனே பார்க்க வேண்டும். கையேட்டைப் புரட்டாமல் அளந்தால் பொய்க்கணக்குத்தான் வரும்.

எங்கள் அளவுகோலின் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. நல்ல எண்ணெய் செந்நிறமாக இருக்கும். இது பழுப்பாகி, இலேசாகக் கருகிய வாடை அடித்தது. "மினியாக் ஹித்தாம் மாத்தறப்ப இதையும் சேர்த்து மாத்திடுவாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் அப்பா. எஞ்சின் எண்ணெய் வேறு, கியர் எண்ணெய் வேறு. கியர் எண்ணெயிலும் எல்லாம் ஒன்றல்ல. மிட்சுபிஷியின் பல பெட்டிகளுக்கு எஸ்பி-3 என்ற வகை, வேறு சிலவற்றுக்கு டெக்ஸ்ரான். வகை மாறினால் கியர் மாறும் இடத்தில் நடுக்கமும் உதையும் வரலாம்.

எண்ணெய் தானாகக் குறையாது. அட்டையை விரித்து அடியில் படுத்துப் பார்த்தபோது, ரேடியேட்டருக்குச் செல்லும் கூலர் ஹோஸின் இணைப்பில் ஈரம் தெரிந்தது. ஹோஸ், கிளிப், எண்ணெய் எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

எல்லா வண்டியும் கத்துவதில்லை. 'யோசிச்சுப் போவுது' என்பார்கள் சிலர். கோலை 'டி'க்குத் தள்ளிய பிறகு வண்டி பிடிக்கத் தாமதமாகும். தொயோத்தாவின் பழுதுநூல்கள் 'என்'னிலிருந்து 'டி'க்கு 1.2 நொடி, 'ஆர்'க்கு 1.5 நொடிக்குள் என்று வரையறுக்கின்றன. கைக்கடிகாரமே போதும். 'உதைக்குது' என்றால் பெட்டியைக் குறை சொல்லுமுன் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். கிழிந்த ரப்பரும் அப்படித்தான் உதைக்கும்.

'சிக்னல்ல எடுக்கவே மாட்டேங்குது, அப்புறம் சும்மா ஓடுது' என்பது வேறு கதை. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மிட்சுபிஷி பெட்டிகள் சோலனாய்டிலோ வேக உணரியிலோ கோளாறு கண்டால், தற்காப்புக்காக மூன்றாம் கியரிலேயே நின்றுவிடும். அணைத்து மீண்டும் முடுக்கினால் சற்று நேரம் சரியாவது இதற்கு நல்ல அடையாளம். இணையத்தில் மலிவாக விற்கும் ஓபிடி-2 கருவி 1990களின் இந்த வண்டிகள் பலவற்றோடு பேசாது. முள் வைத்த வோல்ட்மீட்டரைச் சோதனை முனையில் இணைத்து, முள் ஆடும் எண்ணிக்கையைக் கணக்கிடும் பழைய முறையே கைகொடுக்கும்.

நாலாம் கியர் விழவில்லை என்று என் அறைத்தோழன் இரண்டு வாரம் புலம்பினான். கோலின் பக்கவாட்டிலுள்ள ஓவர்டிரைவ் பொத்தான் அணைந்திருந்தது. அதை அமுக்கியவன் அவன் தம்பி.

எங்கள் வண்டிக்கு முழு விடுதலை கிடைத்துவிடவில்லை. நல்ல சூட்டில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்னமும் ஒரு கணம் கத்துகிறது. எண்ணெய் குறைந்த மாதங்களில் தட்டுகள் கொஞ்சம் கருகியிருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் நாள் வரலாம். அந்த நாளுக்காக அப்பா ஒரு 555 புத்தகம் போட்டிருக்கிறார்: தேதி, மைலேஜ், எண்ணெய் அளவு, சூடா குளிரா, எந்த கியர். கடைசியாக நான் பார்த்தபோது எழுதியிருந்தது: 'மெனோரா ஏத்தம், மழை, கத்தல.'