நல்ல கிடாவை முதலில் விற்காதீர்கள்

கொல்கத்தாவின் நியூ டவுனில் அகலச் சாலைகளையும் கண்ணாடிக் கட்டடங்களையும் தாண்டி உள்ளே போனால், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் பாத்தர்காட்டா போன்ற பழைய ஊர்கள் இன்னும் இருக்கின்றன. 1990களின் இறுதியிலிருந்து ராஜார்ஹாட்டின் நெல்வயல்கள் நகரமாக மாறத் தொடங்கின. மாடு கட்ட இடமில்லாமல் போன வீடுகளிலும் இரண்டு மூன்று ஆடுகள் நிற்கின்றன. குட்டைக் கால், பளபளக்கும் ரோமம், பெரும்பாலும் கறுப்பு நிறம். இதுதான் ‘பிளாக் பெங்கால்’ எனப்படும் கறுப்பு வங்க ஆடு.

இறைச்சிக்காகக் கால்நடை வளர்த்துச் சம்பாதிக்க நினைப்பவர் மாட்டை விட்டு ஆட்டுக்கு வருவதற்கு இங்கே ஒரு சட்டக் காரணமும் உண்டு. மேற்கு வங்கத்தின் 1950ஆம் ஆண்டு விலங்கு வதைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, மாட்டையோ எருமையையோ வெட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டும். 14 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். உலகச் சந்தையில் தரமான மாட்டுக்கறி என்று பெயர் வாங்குவது பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வயதுக்குள் வெட்டப்படும் மாடு. இளங்கன்றைக் கொழுக்க வைத்து விற்கும் தொழில் இந்த மாநிலத்தில் காலூன்றவே முடியாது. ஆட்டுக்கு அந்தத் தடை இல்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் சுமார் 1.63 கோடி ஆடுகள் இருந்தன. ராஜஸ்தானுக்கு அடுத்த இடம்.

கறுப்பு வங்க ஆட்டின் பலம் அதன் எடையில் இல்லை. வளர்ந்த பெட்டை 15 முதல் 20 கிலோதான் வரும். ஆனால் சினைக்காலம் ஐந்து மாதம், இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து, ஈத்துக்கு இரட்டைக் குட்டி சாதாரணம், மூன்று குட்டியும் அபூர்வமில்லை. கறி மெல்லிய நாருடன் மென்மையாக இருக்கும். தோலுக்கும் நல்ல பெயர். உருவம் பெரிதாகட்டும் என்று ஜமுனாபாரி, பீட்டல் கிடாக்களோடு கலப்பவர்கள் உண்டு. குட்டி பெரிதாகத்தான் பிறக்கிறது. ஆனால் நிறையக் குட்டி போடும் குணமும், வங்கத்தின் ஈரத்தைத் தாங்கும் குணமும் கலப்பில் கரைகின்றன. இரண்டு ஆடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது நல்ல பேரமில்லை.

இந்த இனத்தைக் கரைக்கும் இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. கூட்டத்தில் வேகமாக வளரும் கிடாக்குட்டிக்குத்தான் முதலில் காயடிக்கிறார்கள். வங்காளிகள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குக் கேட்பது ‘காசி’, அதாவது காயடித்த கிடா. அதில் கிடா வாடை இருக்காது, கொழுப்பு பதமாகப் பிடிக்கும், கூடுதல் விலை கிடைக்கும். எனவே நல்ல குட்டிகளெல்லாம் காசியாகிச் சந்தைக்குப் போகின்றன. விலை போகாத நோஞ்சான் கிடா ஊரில் தங்கி, ஊர்ப் பெட்டைகளையெல்லாம் சினையாக்குகிறது. அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் தரக் குட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பொலிகிடாவாக ஒதுக்குங்கள் என்பதே இந்தத் தொழிலின் முதல் பாடம் என்பேன். 20, 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு கிடாவின் செலவு யாருக்கும் பாரமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொண்டால், அது தன் மகள்களோடு சேரும் ஆபத்தும் குறையும்.

கிடாக்குட்டி ஒதுக்கும்போது தாயையும் பார்க்க வேண்டும். இந்த இனத்துக்குப் பால் குறைவு. மூன்று குட்டி போட்ட தாயிடம் மூன்றாவது குட்டி இடித்துத் தள்ளப்பட்டு, ஒரு வாரத்தில் காய்ந்து போகும். அனுபவப்பட்ட பெண்கள் அந்தக் குட்டியைத் தனியே பிரித்து, வேறு தாயிடம் ஊட்ட வைக்கிறார்கள் அல்லது பசும்பாலைப் புட்டியில் தருகிறார்கள். பிறந்தவுடன் சீம்பால் மட்டும் தாயிடமே கிடைத்தாக வேண்டும். ஆட்டின் உண்மையான நட்டம் சந்தையில் வருவதில்லை; பிறந்த முதல் மாதத்தில் சாகும் குட்டிகளில் வருகிறது.

தீவனத்துக்கு வங்கத்தின் பதில் பலா இலை. நம் ஊரில் அகத்தியும் சூபாபுலும் போல இங்கே பலாக் கொப்பு. கூடவே கொஞ்சம் தவிடும் கடுகுப் பிண்ணாக்கும். மழைக்காலத்தில் மூங்கில் பரண்தான் காவல். தரையில் கட்டிய ஆடு தன் மூத்திரத்திலேயே படுத்து, குளம்பு அழுகி, சளி பிடித்து நிற்கும். பரணில் ஏறியது காய்ந்த உடம்போடு எழுந்திருக்கும். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம் தவறவே கூடாது.

ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி இன்னும் முக்கியம். இந்தியாவில் இந்த நோய் முதலில் உறுதியானது 1987இல், விழுப்புரத்துப் பக்கம் அரசூரில். அங்கே பிரித்தெடுத்த கிருமியிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி வகைக்கே அரசூர் 87 என்று பெயர். மூன்று, நான்கு மாதக் குட்டிக்கு ஒருமுறை போட்டால் சுமார் மூன்று ஆண்டு பாதுகாப்பு. மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து ஒரு கொட்டகையே காலியாவதைப் பார்த்தவர்கள் இந்த ஊசியைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

அடுத்தது விற்பனை. வியாபாரி வீட்டு வாசலுக்கே வருகிறார். உதட்டை விரித்துப் பல் பார்க்கிறார், முதுகுத்தண்டின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி கறி பிடித்திருக்கிறதா என்று தடவுகிறார், இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி இறக்குகிறார். பிறகு ஒரு விலை. அவர் கைக்கு எடை தெரியும், வளர்த்தவருக்குத் தெரியாது. பேரத்தில் தோற்பது இங்கேதான். கொக்கித் தராசு ஒன்று வாங்குவது பெரிய செலவல்ல. அதுவும் இல்லையென்றால் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் தோராய உயிர் எடை கிலோவில் வரும். அளவுகள் சென்டிமீட்டரில். சுற்றளவு 55, நீளம் 50 என்றால் ஏறக்குறைய 14 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கறி கிடைக்கும் என்று வைத்து, கடையில் அன்றைக்குக் கறி விற்கும் விலையோடு பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை மனதில் இருந்தால் வியாபாரியிடம் பேசும் குரலே வேறு மாதிரி இருக்கும்.

கொல்கத்தாவில் ஒரே ஆட்டுக்கு மூன்று விதமான வாடிக்கையாளர் உண்டு. வீட்டுக் குழம்புக்கும் துர்கா பூஜை நவமிக்கும் காசி வேண்டும். காளி பூஜை பலிக்கு, காயடிக்காத, மாசு மறுவற்ற கறுப்புக் கிடா வேண்டும். பக்ரீத்துக்கு ஓராண்டு நிரம்பிய, ஊனமில்லாத ஆடு வேண்டும், காயடித்ததும் ஏற்கத்தக்கது. பக்ரீத் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் வரும். சினைக்கு ஐந்து மாதம், வளர 12 மாதம் என்று 17 மாதத்துக்கு முன்பே பெட்டையைக் கிடாவிடம் விட்டால்தான் அந்தச் சந்தைக்குச் சரியான வயதில் ஆடு தயாராகும். எல்லாக் கிடாக்குட்டிக்கும் கண்மூடித்தனமாகக் காயடிப்பவர் காளி பூஜை வாடிக்கையாளரை இழக்கிறார்.

நகரத்தின் புதிய வாடிக்கையாளர் வேறு. நியூ டவுன் அடுக்குமாடிகளில் இருப்பவர் ஆட்டைப் பார்ப்பதில்லை, பொட்டலத்தைப் பார்க்கிறார். மாநில அரசின் கால்நடை வளர்ச்சிக் கழகம் ‘ஹரிங்காட்டா மீட்’ என்ற பெயரில் சுத்தமாக வெட்டிக் குளிரூட்டிய இறைச்சியைக் கடைகளில் விற்கிறது. நதியா மாவட்டத்து ஹரிங்காட்டா, ஒரு காலத்தில் கொல்கத்தாவுக்குப் பால் அனுப்பிய அரசுப் பண்ணையின் ஊர். இப்படி ஒரு பெயருக்குக் கீழே விற்கும்போது கறியின் இனமும் தரமும் பேசப்படும். சந்தைக் கூட்டத்தில் எல்லா ஆட்டுக்கும் ஒரே பெயர்தான்.

தேசிய கால்நடை இயக்கம் ஆட்டுப் பண்ணைக்கு 50 விழுக்காடு மானியம் தருகிறது. ஆனால் தொடக்கமே 100 பெட்டை, 5 கிடா. மூன்று ஆடு வைத்திருக்கும் பெண் தனியாக அந்தப் படியில் ஏற முடியாது. சுயஉதவிக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் சேர்ந்து கேட்கலாம். அதைவிட எளிய உதவி ஒன்று இருக்கிறது. அரசுப் பண்ணைகளில் தேர்ந்தெடுத்த நல்ல பொலிகிடாக்களை ஊராட்சிக்குச் சில என்று தந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுக்கட்டும். வங்கத்துக்கு மட்டுமல்ல, கன்னி ஆடும் கொடி ஆடும் சேலம் கருப்பும் வளர்க்கும் நம் ஊர்களுக்கும் இதுவே தேவை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊருக்கு ஒரு நல்ல பொலிகிடா கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.